தைரியமா செய் என்று சொன்னவள்

1

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்தரை மணிக்கு, நான் இந்தியக் குடிமகளாக இருப்பது முடிந்துபோனது. ஹாம்பர்க் நகர அலுவலகம் ஒன்றின் இரண்டாம் மாடியில், அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இந்த நாட்டின் சட்டங்களை மதிப்பேன் என்று ஜெர்மன் மொழியில் உரக்கப் படித்தேன். நீளமான சொல் ஒன்றில் நாக்குத் தடுக்கியது. எதிரே நின்ற அலுவலர் பெண்மணி, பரவாயில்லை, அந்தச் சொல் இங்கே பிறந்தவர்களுக்கே ஒழுங்காக வராது என்றார்.

சான்றிதழைத் தருவதற்கு முன் விவரங்களை ஒருமுறை சரிபார்த்தார். தொழில் என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. டெவலப்பர் அட்வகேட் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன்.

வழக்கறிஞரா என்று கேட்டார். இல்லை, நிரல் எழுதுகிறவர்களுக்காகப் பேசுகிறவள் என்றேன். நீதிமன்றத்திலா என்றார். மேடையில் என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, மென்பொருள் உருவாக்குநர் என்று திருத்தி எழுதிக்கொண்டார். அத்தோடு நான் ஜெர்மன்காரி.

கீழே இறங்கித் தெருவுக்கு வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை. அந்தக் காகிதம் கைக்கு வந்ததும் ஒரு காரியம் செய்வதாக எனக்கு நானே இரண்டு வருடமாகச் சொல்லி வந்திருந்தேன். ஊருக்குப் போய்க் கதிர்வேலைப் பார்க்க வேண்டும். என் சித்தப்பா மகன். திருப்பூரில் இருக்கிறான். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.

ஆனால் அந்தக் காகிதமே குறுக்கே நின்றது. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ரத்து முத்திரை வாங்க வேண்டும். ஜெர்மன் பாஸ்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு, தாராபுரத்தில் அப்பா இருக்கும் வீட்டுக்குப் போக விசா கேட்க வேண்டும். விசாப் படிவத்தில், பயணத்தின் நோக்கம் என்ன, இந்தியாவில் உங்களைத் தெரிந்தவர் ஒருவரின் பெயர் என்ன என்று கேட்டிருந்தார்கள். அப்பா பெயரை எழுதியிருக்கலாம். கதிர்வேல் பெயரை எழுதினேன். என்னைத் தெரியும் என்று அவன் சொல்வானா என்ற சந்தேகத்தோடுதான் எழுதினேன்.

2

என் வேலை என்ன என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. அட்வகேட் என்ற சொல் மட்டும் அவர் காதில் விழுந்துவிட்டது. அவர் அந்தக் காலத்தில் திருப்பூரில் பனியன் செக்கிங், பேக்கிங் யூனிட் நடத்தியவர். வழக்கு என்றால் என்ன, வக்கீல் என்றால் யார் என்று அனுபவத்தில் கண்டவர். பெண் ஜெர்மனியில் வக்கீலாக இருக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

ஒருமுறை வீடியோ அழைப்பில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கையில் பழைய பத்திரக் கட்டு. கிணற்றில் பாதிப் பாத்தியதை யாருக்கு என்பது பற்றிப் பதினாலு வருடமாக ஒரு வழக்காம். "அம்மிணி, பெரியவரு கேக்கறாங்க பாரு, ஒரு ரோசன சொல்லு" என்றார் அப்பா. நான் அந்த மாதிரி வக்கீல் இல்லைங்கப்பா என்றேன். பின்னே எந்த மாதிரி வக்கீல் என்றார் பெரியவர், மிகவும் மரியாதையாக. அவருக்குப் புரியும்படி சொல்ல எனக்குத் தெரியவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் நிறுவனத்திடம் சில மென்பொருள் சேவைகள் இருக்கின்றன. நாங்கள் அவற்றைக் கடைக்காரர்களுக்கோ வீட்டுக்காரர்களுக்கோ விற்பதில்லை. நிரல் எழுதுகிறவர்கள் அவற்றை அடித்தளமாக வைத்து, அதன்மேல் தங்கள் செயலியைக் கட்டுவார்கள். அப்படிக் கட்டுகிறவர்களைத் தேடிப் போவது என் வேலை. கூட்டங்களில் பேசுவேன். எழுதிக் காட்டுவேன். காணொளி போடுவேன். எங்கேயாவது சிக்கிக்கொண்டால் உட்கார்ந்து எடுத்துவிடுவேன். அவர்கள் குறைகளைக் கேட்டு நிறுவனத்துக்குள் அவர்கள் பக்கம் நின்று வாதாடுவேன். அதனால்தான் அட்வகேட். விற்பனைக்காரியைப் பார்த்தால் நிரலாளர்கள் கதவைச் சாத்துவார்கள். தங்களைப் போலவே நிரல் எழுதுகிற ஒருத்தியைப் பார்த்தால் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். நிறுவனம் எனக்குச் சம்பளம் தருவது அந்த நாற்காலிக்காக. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு வருடம் ஆயிற்று.

அவர்கள் பக்கம் நான் நிற்கவே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். எத்தனையோ பிழைகளைச் சண்டை போட்டுத் திருத்த வைத்திருக்கிறேன். நிறுவனத்துக்கும் அவர்களுக்கும் நன்மை ஒன்றாக இருக்கும்வரை இந்த வேலை மிக நல்ல வேலை. அது இரண்டாகப் பிரியும் நாளில் நான் யாருக்கு வக்கீல் என்ற கேள்வி எனக்கு வந்ததே இல்லை. யாரும் கேட்டதில்லை.

3

மகள் நிலாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நானும் அவள் அப்பாவும் பிரிந்தபிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். பள்ளியிலிருந்து வந்தால் ஜெர்மன். நான் திட்டினால் ஆங்கிலம். தமிழ் எப்போதாவது, தாத்தாவோடு வீடியோவில் பேசும்போது மட்டும். பிடிவாதமாகத் தமிழிலேயே பேசும் அம்மாக்கள் இங்கே இருக்கிறார்கள். நான் அப்படிப்பட்டவள் இல்லை. மாலை ஆறு மணிக்கு எனக்குப் பேசவே வாய் இருக்காது. பகல் முழுக்கப் பேசித் தீர்த்திருப்பேன்.

அந்தச் சமயத்தில் நிறுவனம் ஒரு புதிய சேவையைக் கொண்டுவந்திருந்தது. தகவல்களையும் படங்களையும் சேமித்து வைத்து எந்தக் கைபேசியிலிருந்தும் திறக்க வழிசெய்யும் சேவை. இரண்டு மூன்று பேர் மட்டும் உள்ள சிறிய குழுக்களுக்காகவே செய்தது. என் மேலாளர் லேனா, நீ ஏன் உன் மொழியில் காணொளி போடக் கூடாது என்று கேட்டாள். போட்டேன். "எல்லாருக்கும் வணக்கமுங்க" என்று தொடங்கி, ஏனுங்க, சரீங்களா என்று கொங்குத் தமிழிலேயே பேசினேன். அது ஓடியது. கோயம்புத்தூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பிள்ளைகள் எழுதினார்கள். நம்ம ஊட்டு அக்கா சொல்றாப்ல இருக்குதுங்க என்று ஒருவன் எழுதியிருந்ததை லேனாவுக்கு மொழிபெயர்த்துக் காட்டினேன். அவள் அதை ஒரு அறிக்கையில் சேர்த்துக்கொண்டாள்.

ஒருநாள் நிலா அந்தக் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழுதும் பார்த்துவிட்டு, அபூர்வமாகத் தமிழில் கேட்டாள். "அம்மா, நீ அவங்க கிட்ட மட்டும் ஏன் அன்பா பேசுது?"

பேசுது இல்லை, பேசறே என்று திருத்தினேன். அதுதான் நான் அவளுக்குச் சொன்ன பதில்.

4

கதிர்வேல் அந்தக் காணொளிகளைப் பார்த்துத்தான் தொடங்கினான். அவனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. திருப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பத்து வருடமாக வேலை. பக்கவேலையாகத் தனியாக ஒன்று கட்டிக்கொண்டிருந்தான். அது நல்ல யோசனை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

ஒரு பனியன் திருப்பூரில் ஒரே கூரைக்கடியில் உருவாவதில்லை. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் வேறிடம். இப்போது வெளிநாட்டில் வாங்குகிறவர்கள், இந்தப் பனியனின் நூல் எந்த மில்லில் வந்தது, எந்தச் சாயப் பட்டறையில் எந்த லாட்டில், எந்தத் தொகுதியோடு, நனைந்தது, அதற்குச் சான்று காட்டு என்று கேட்கிறார்கள். பெரிய கம்பெனிகள் அதற்கென்றே மென்பொருள் வைத்துக்கொள்கின்றன. ஆறு தையல் மிஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்து ஜாப் ஒர்க் செய்கிறவர் என்ன செய்வார்? கதிர்வேல் செய்த செயலியில், சூப்பர்வைசர் கைபேசியில் லாட் எண்ணைத் தட்டி, கூடவே வந்த சீட்டைப் படம் எடுத்தால் போதும். தமிழிலும் இந்தியிலும் செய்திருந்தான். எல்லாம் எங்கள் சேவையின் மேல் கட்டியது.

ஜனவரியில் திருப்பூரில் ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. அவிநாசி ரோட்டில் ஒரு ஓட்டல் அரங்கு. நான் ஊருக்குக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு லேனா என்னைக் காணொளி அழைப்பில் கூப்பிட்டாள். அறைக் கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னாள். அந்தச் சேவையை மூடப் போகிறார்கள் என்றாள். எதிர்பார்த்த அளவுக்குப் பெரிய வாடிக்கையாளர்கள் வரவில்லை. அறிவிப்பு மார்ச்சில். அதுவரை வெளியே ஒரு சொல் போகக் கூடாது. வேலைக்குச் சேரும்போது போட்ட கையெழுத்தை அவள் ஞாபகப்படுத்தவில்லை. லேனா நல்ல மனுஷி. எனக்கு ஞாபகம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அப்படியானால் திருப்பூர்க் கூட்டத்தை ரத்து செய்துவிடலாம் என்றேன். ரத்து செய்தால் ஏன் என்று கேட்பார்கள் என்றாள். பொதுவாகப் பேசு, புதிதாக எதையும் வாக்குக் கொடுக்காதே, உனக்குத்தான் இதெல்லாம் நன்றாக வருமே என்றாள்.

நான் போனேன். அரங்கு நிறைந்திருந்தது. கல்லூரிப் பிள்ளைகள், சின்னச் சின்ன மென்பொருள் கடை வைத்திருப்பவர்கள், கம்பெனி முதலாளிகளின் மகன்கள், மகள்கள். எல்லாருக்கும் வணக்கமுங்க என்றதும் கைதட்டல். முக்கால் மணி நேரம் பேசினேன். பொய் என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடி பேசினேன். முன் வரிசையில் கதிர்வேல், புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் எங்க அக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் அவன் காரில் தாராபுரம் கிளம்பினோம். குண்டடம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினான். ரோட்டோரம் காற்று ஆளைத் தள்ளியது. காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. டீயை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தான். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி தன்னிடம் ஜாப் ஒர்க் செய்யும் இருபது யூனிட்டுகளையும் இவன் செயலிக்குக் கொண்டுவரச் சம்மதித்திருக்கிறது. செய்வதென்றால் வேலையை விட வேண்டும். ஆபீஸ் பிடிக்க வேண்டும். நாலு பேரைச் சேர்க்க வேண்டும். அவன் மனைவி, உங்கக்காளக் கேட்டுட்டுச் செய்யுங்க என்று சொல்லியிருக்கிறாள்.

"இத நம்பி எறங்கலாமுங்களாக்கா?" என்றான்.

இந்தக் கேள்வி வரும் என்று எனக்கு விமானத்திலேயே தெரியும். பதிலைக்கூட யோசித்து வைத்திருந்தேன். ஒரே சேவையை நம்பி எல்லாவற்றையும் கட்டாதே, மாற்று ஒன்று வைத்துக்கொள் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். யாருக்கும் சொல்கிற அறிவுரைதான். யாரும் தப்புச் சொல்ல முடியாது. அந்த வாசகம் வாய்வரை வந்தது. அப்படிச் சொன்னால் இவன் ஏனுங்க்கா என்று கேட்பான். என் முகத்தைப் பார்ப்பான். சின்ன வயதிலிருந்து என் முகம் அவனுக்குத் தெரியும். நாளைக்கு அவன் எவனிடமாவது சொல்வான், அது இணையத்துக்குப் போகும், யார் சொன்னது என்று லேனா கேட்பாள்.

"இப்போதைக்கு நல்லாத்தான் இருக்குது கதிரு. தைரியமா செய்யி" என்றேன்.

இப்போதைக்கு என்ற சொல்லை எனக்காகப் போட்டேன். பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. அவன் காதில் தைரியமா என்பது மட்டும்தான் விழுந்தது. சந்தோஷத்தில் கடைக்காரரிடம் இன்னொரு டீ சொன்னான்.

அடுத்த திங்கட்கிழமை வேலையை விட்டுவிட்டதாகச் செய்தி அனுப்பினான். நான் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினேன்.

5

குடியுரிமை விண்ணப்பம் அப்போது பாதியில் இருந்தது என்பதை நான் இங்கே சொல்லியாக வேண்டும். சம்பளச் சீட்டுகள் கேட்டிருந்தார்கள். வேலை போனால் கோப்பு நின்றுவிடும் என்று பயந்தேன். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். தனியாகப் பிள்ளை வளர்க்கிறவள், அந்நிய நாடு, என்ன செய்ய முடியும் என்று. உண்மை இவ்வளவு பெரிதல்ல. என்னிடம் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இருந்தது. வேலை போயிருந்தால் வேறு வேலை தேடியிருப்பேன். கோப்பு ஒரு வருடம் தள்ளிப்போயிருக்கும். யாரும் என்னைத் துரத்தியிருக்க மாட்டார்கள். ஒரு வருடத் தாமதத்துக்கும் அவனுக்கும் நடுவில் நான் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்பது எனக்குத் தெரியும்.

மார்ச்சில் அறிவிப்பு வந்தது. அதை எழுதியது நான். அதுவும் என் வேலையில் சேர்ந்ததுதான். உங்களோடு நடந்த இந்தப் பயணத்துக்கு நன்றி, புதிய தொடக்கத்தை நோக்கி என்றெல்லாம் எழுதினேன். தொண்ணூறு நாள் அவகாசம். சமையலறை மேசையில் விளக்கைச் சரிசெய்துகொண்டு தமிழிலும் ஒரு காணொளி பதிவு செய்தேன். நிலா கதவோரம் நின்று பார்த்தாள். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அலுவலகத்தில் இருந்தபோது கதிர்வேல் அழைத்தான். மாடிப்படிக்குப் போய் எடுத்தேன். அவன் கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். குரல் சாதாரணமாக இருந்தது. அறிவிப்பைப் படித்ததாகச் சொன்னான். எங்கே மாற்றலாம் என்று விசாரித்தான். மூன்று நிமிடம் வேலைப் பேச்சு. பிறகு கேட்டான்.

"நீங்க ஜனவரில ஊருக்கு வந்தப்பவே தெரியுமுங்களா?"

கீழ் மாடியில் யாரோ சிரித்துக்கொண்டே ஏறி வந்தார்கள். சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டேன். தெரியும் என்றேன்.

அவன் ஆபீசுக்கு வெளியே லாரி ஒன்று பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது.

"சரிங்க மேடம். வெச்சர்றேனுங்க" என்றான்.

மேடம் என்று அவன் என்னை அதற்குமுன் அழைத்ததில்லை. திட்டியிருந்தால், ஏனுங்க்கா இப்படிப் பண்ணுனீங்க என்று கேட்டிருந்தால், நான் அழுது பேசியிருப்பேன். எங்கள் ஊர் மரியாதைக்கு ஒரு குணம் உண்டு. அதை வைத்துக் கதவைத் திறக்கவும் செய்யலாம், சாத்தவும் செய்யலாம். சாத்தினால் தட்டிக்கொண்டு நிற்க முடியாது.

6

அதன்பிறகு நான் வாதாடினேன். சிறியவர்களுக்கு மட்டும் ஆறு மாதம் கூடுதலாகக் கொடுங்கள் என்று லேனாவிடம் கேட்டேன். லேனா மேலே கேட்டாள். முக்கியமான வாடிக்கையாளர்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. அவர்களுக்கு நீட்டிப்பு உண்டு. அந்தப் பட்டியலில் இந்தியாவிலிருந்தே யாரும் இல்லை. நான் அரங்குகளில் சந்தித்த எவருடைய பெயரும் இல்லை.

நான்கு வார இறுதிகள் உட்கார்ந்து, கதிர்வேலின் தகவல்களை வெளியே எடுத்து வேறிடத்துக்கு மாற்ற ஒரு நிரல் எழுதினேன். அவனுக்கு அனுப்பினேன். கிடைத்தது, நன்றிங்க என்று ஒரு வரி வந்தது. எழுத்தும் எண்ணும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. படங்கள் மட்டும் சிக்கல். எந்தப் படம் எந்த லாட்டைச் சேர்ந்தது என்ற தொடர்பு எங்கள் சேவையின் உள்ளே மட்டும் இருந்தது. வெளியே எடுத்தபோது அறுந்துவிட்டது. ஆயிரக்கணக்கான சீட்டுப் படங்கள், எது எதனுடையது என்று தெரியாத குவியலாக வந்து விழுந்தன. அவனும் அவனிடம் இருந்த நாலு பேரும் ஒவ்வொன்றாகத் திறந்து, சீட்டில் மங்கிப்போன கையெழுத்தைப் படித்துப் படித்துப் பொருத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர்கள் பாதி முடிப்பதற்குள் வாங்குகிற கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். இரண்டு லாட்டுக்குச் சான்று காட்ட முடியவில்லை. சரக்கு நின்றது. எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர் கதிர்வேலைக் கூப்பிட்டு, உன்ர மேல ஒண்ணும் தப்பில்ல தம்பி, ஆனா இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இருபது யூனிட்டும் ஒரே வாரத்தில் போயின. தீபாவளிக்கு முன்பே ஆபீசைக் காலி செய்துவிட்டான். இதையெல்லாம் அப்பா சொல்லித்தான் கேட்டேன். அவருக்கு இதில் எனக்குப் பங்கிருப்பது தெரியாது. பாவம், அவனுக்கு நேரம் சரியில்ல அம்மிணி என்றார். கதிர்வேல் யாரிடமும் என் பெயரைச் சொல்லியிருக்கவில்லை.

7

விசா வந்தது. நிலா வர மறுத்துவிட்டாள். அவளுக்குத் தோழிகளோடு முகாம் இருந்தது. தாராபுரத்தில் இரண்டு நாள் அப்பாவோடு இருந்துவிட்டு, மூன்றாம் நாள் பஸ் பிடித்துத் திருப்பூர் போனேன்.

கதிர்வேல் இப்போது ஒரு பனியன் கம்பெனியில் டாக்குமெண்டேஷன் பிரிவில் இருக்கிறான். அதே வேலைதான். எந்த நூல் எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் சேர்ப்பது. இப்போது இன்னொருவரின் மென்பொருளில். கேட்டில் இருந்த வாட்ச்மேன் பீகார்க்காரர். யாரைப் பார்க்க, என்ன வேலை என்று இந்தியும் தமிழும் கலந்து கேட்டார். நோட்டில் பெயர் எழுதினேன். என்ன வேலை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் சொந்தம் என்று எழுதினேன். அவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு உள்ளே போன் செய்தார்.

அவன் படியிறங்கி வந்தான். முன்தலையில் முடி கொஞ்சம் உதிர்ந்திருந்தது. வாங்க மேடம் என்றான். சிரித்த முகத்தோடுதான் சொன்னான். கேன்டீனுக்குக் கூட்டிப்போனான். ஷிப்ட் நேரம் என்பதால் ஆளில்லை. மேசையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னான். நிலா எந்த வகுப்பு, அப்பாவுக்கு முட்டிவலி எப்படி, ஜெர்மனியில் இப்போது குளிரா என்று வரிசையாக விசாரித்தான். ஒரம்பரைக்கு, வீடு தேடி வந்த விருந்தாளிக்கு, செய்ய வேண்டிய எதையும் குறை வைக்கவில்லை. காப்பியும் பப்ஸும் வந்தன.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். விமானத்தில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. மேடையில் முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசுகிறவள், நாலு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினேன். குண்டடத்தில் நீ கேட்டபோதே எனக்குத் தெரியும், சொல்லாமல் விட்டேன், என் காகிதத்துக்காகப் பயந்தேன், என்னை மன்னித்துவிடு என்றேன்.

அவன் காப்பி டம்ளரைச் சுழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் டம்ளரைக் கீழே வைத்தான்.

"சர்வீச மூடுனதுல எனக்கு வெசனமில்லீங்க. நம்மூர்ல எத்தன கம்பெனி மூடிப் பாத்திருக்கறோம். படம் பொருந்தாமப் போனதுக்கும் உங்களக் குத்தஞ் சொல்லலீங்க, நீங்களும் ஒக்காந்து எழுதிக் குடுத்தீங்க." நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தான். "என்ர கிட்டச் சொன்னா வெளிய போயிரும்னு நெனச்சீங்க பாருங்க, அதுதானுங்க. பண்ணாதடான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதுமுங்க. ஏன்னுகூட கேட்டிருக்க மாட்டேனுங்க."

அவன் சொன்னது சரி. அவன் கேட்டிருக்க மாட்டான். டீக்கடையில் அவன் முகத்தைப் பார்த்து நான் பயந்ததெல்லாம் என் முகத்தைப் பற்றிய பயம்தான். என்னை நம்பு என்று எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். இவனை ஒரு சொல்லுக்கு நம்ப எனக்குத் தோன்றவில்லை.

அக்கான்னு கூப்பிடு கதிரு என்றேன். எப்படி வாய்விட்டுக் கேட்டேன் என்று தெரியவில்லை.

அவன் முகம் கலங்கியது. அதுவரை இருந்த ஒரம்பரை முகம் போய், பழைய கதிர்வேல் ஒரு நிமிடம் வந்து போனான்.

"கூப்படோணும்னுதானுங்க நானும் நெனைக்கறேன்" என்றான். "வாய் வரமாட்டேங்குதுங்க."

அவனை மேலே கூப்பிட்டார்கள். கேட் வரைக்கும் வந்து ஆட்டோ பிடித்து, புது பஸ் ஸ்டாண்டில் எந்தப் பக்கம் தாராபுரம் பஸ் நிற்கும் என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பினான்.

8

ஹாம்பர்க் திரும்பிய வாரம் லேனா ஒரு புதிய திட்டத்தோடு வந்தாள். இன்னொரு சேவை வரப்போகிறது. இதுவும் சிறிய குழுக்களுக்குத்தான். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு என்று மூன்று ஊர்க் கூட்டங்களை அவளே குறித்து வைத்திருந்தாள். ஊர்ப் பெயர்களை இப்போது ஓரளவு சரியாகவே உச்சரிக்கிறாள்.

வேலையை விடுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். குடியுரிமை கையில் இருக்கிறது, பயப்பட இனி எந்தக் கோப்பும் இல்லை. நான் சொல்லவில்லை. தமிழில் மட்டும் இனிப் பேச மாட்டேன் என்றேன். ஆங்கிலத்தில் எங்கே வேண்டுமானாலும் அனுப்பு, அந்த ஊர்களுக்கு மட்டும் அனுப்பாதே என்றேன்.

லேனா காரணம் கேட்டாள். அங்கே இருப்பவர்கள் என்னை நம்புகிறார்கள் என்றேன்.

"ஆனால் அதற்காகத்தானே உன்னை அனுப்புகிறோம்?" என்றாள். அவள் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே புரியாமல், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, என் பதிலுக்காகக் காத்திருந்தாள். பிறகு மூன்று ஊர்களையும் நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டு, அதே நாட்களில் லிஸ்பனைப் போட்டாள்.

அடுத்த வாரம் லிஸ்பனில் பேசுகிறேன். உரை தயாராகிவிட்டது.